ஹைட்ரோஸ்டாட்டிக் செலுத்த எண்ணெய்

ஹைட்ரோஸ்டாட்டிக் செலுத்த எண்ணெய் என்பது, சிறு டிராக்டர்களில் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் நீர்மம் ஆகும். சாதாரண கியர் பெட்டியில் எண்ணெயின் பணி பற்சக்கரங்களின் உராய்வையும் வெப்பத்தையும் குறைப்பதே. ஹைட்ரோஸ்டாட்டிக் செலுத்தத்திலோ எண்ணெயே ஆற்றலைச் சுமக்கும் உறுப்பாக உள்ளது. எனவே இதில் பொருந்தாத எண்ணெயை ஊற்றுவது, கியர் பெட்டியில் அளவு தவறிய பற்சக்கரத்தைப் பொருத்துவதற்கு ஒப்பாகும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தவறான பற்சக்கரம் முதற் சுற்றிலேயே தெரிந்துவிடும். தவறான எண்ணெய் பல மாதங்கள் வரை எக்குறையும் காட்டாதிருக்கலாம்.

அமைப்பும் செயற்பாடும்

இவ்வகைச் செலுத்தத்தில் ஒரு பம்பும் ஒரு மோட்டாரும் மூடிய சுற்றாக இணைக்கப்பட்டுள்ளன. பம்பை எஞ்சின் சுழற்றுகின்றது. பம்பினுள் வட்டமாக அமைந்த பல சிறு பிஸ்டன்கள், சாய்தட்டு எனப்படும் ஒரு தட்டின் மீது வழுக்கியவாறு சுழல்கின்றன. தட்டின் சாய்வு கூடினால் பிஸ்டன்களின் வீச்சும் கூடி, அதிக எண்ணெய் மோட்டாருக்குச் செல்லும், வண்டி விரையும். தட்டு எதிர்ப்புறம் சாய்ந்தால் வண்டி பின்னோக்கிச் செல்லும். தட்டு நிமிர்ந்து நின்றால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும். ஓட்டுநர் கால்மிதியிலிருந்து காலை எடுத்ததும் வண்டி நிற்பது பிரேக்கினால் அன்று, சுற்றினுள் அடைபட்ட எண்ணெயினாலேயே ஆகும்.

இத்தகைய டிராக்டர் ஒன்றை இங்கிலாந்தின் தேசிய வேளாண்மைப் பொறியியல் கழகம் 1954இல் செய்து காட்டியது. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1967இல் 656 என்னும் டிராக்டரில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் இம்முறை பெரிய உழவு இயந்திரங்களைவிடப் புல்வெளி, தோட்டம், சிறு பண்ணை ஆகியவற்றுக்கான சிறு டிராக்டர்களிலேயே அதிகம் நிலைபெற்றது.

இடைவெளியும் கசிவும்

பம்பில் பிஸ்டன்களைச் சுற்றி ரப்பர் வளையங்கள் இல்லை. பிஸ்டனுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே மில்லிமீட்டரில் சில ஆயிரத்திலொரு பங்கே உள்ள இடைவெளி விடப்பட்டிருக்கும். அதனை நிரப்பும் எண்ணெய்ப் படலமே மசகாகவும் அடைப்பாகவும் விளங்குகின்றது. சுமை ஏறும்போது சுற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கையும் கடக்கக் கூடும். ஆகவே சிறிதளவு எண்ணெய் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். இவ்விழப்பை ஊட்டுப் பம்பு எனப்படும் ஒரு சிறு பம்பு ஈடுசெய்கின்றது.

இக்கசிவின் அளவு எண்ணெயின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும், இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். இச்சிக்கலின் அடிப்படை இதுவே. பாகுநிலை பாதியானால் கசிவு இரு மடங்காகும். சரியான எண்ணெயை மீண்டும் ஊற்றினால் அது பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் அதற்குள் உலோகம் தேய்ந்து இடைவெளி இரு மடங்காகிவிட்டால் கசிவு எட்டு மடங்காகும். அதன்பின் எந்த எண்ணெயை ஊற்றினாலும் பயனில்லை. மேலும், கசியும் எண்ணெயின் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகின்றது. வெப்பம் எண்ணெயை மேலும் நீர்க்கச் செய்கின்றது. நீர்த்த எண்ணெய் மேலும் கசிகின்றது. காலையில் நன்றாக ஓடிய டிராக்டர் ஒரு மணி நேர வேலைக்குப் பின் மேட்டில் ஏற மறுப்பதும், சரிவில் கால்மிதியை விட்ட பின்னும் மெல்ல நகர்வதும் இதன் அறிகுறிகள் ஆகும். இரண்டாவது அறிகுறி ஓட்டுநரின் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியது.

பொருந்தாத எண்ணெய்கள்

சிறு டிராக்டர்கள் பலவற்றில் செலுத்தம், பின் அச்சின் பற்சக்கரங்கள், எண்ணெயில் மூழ்கிய பிரேக் தட்டுகள், ஆற்றல் வெளியெடுப்புத் தண்டின் கிளட்ச், முன்பக்க லோடர், மும்முனை இணைப்பு ஆகிய அனைத்திற்கும் ஒரே எண்ணெய்த் தொட்டிதான். ஒன்றுக்கொன்று முரணான தேவைகள் கொண்ட இவ்வுறுப்புகள் அனைத்துக்கும் ஏற்பக் கலக்கப்பட்டதே பொதுப்பயன் டிராக்டர் செலுத்த எண்ணெய் ஆகும். பாகுநிலையை மட்டும் ஒப்பிட்டு மாற்று எண்ணெயைத் தேர்வது தவறாக முடிவதன் காரணம் இதுதான்.

10டபிள்யூ-30 எஞ்சின் எண்ணெய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 100 பாகை செல்சியசில் அதன் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கும்; டிராக்டர் செலுத்த எண்ணெயின் பாகுநிலையும் ஏறத்தாழ இதுவே. எனவே வண்டி வழக்கம்போல் ஓடும். ஆனால் மூழ்கிய பிரேக் தட்டுகள் அதிராமல் பற்றுவதற்கான உராய்வுக் கூட்டுப்பொருட்கள் அதில் இல்லை. பிரேக்கை அழுத்தும்போது அலறல் போன்ற ஓசையும் அதிர்வும் எழுவது முதல் எச்சரிக்கையாகும்.

ஐஎஸ்ஓ 46 தர ஹைட்ராலிக் எண்ணெய் 40 பாகையில் 46 சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலை கொண்டது. வண்டி சூடாகும் வரை இதில் குறை தெரியாது. 100 பாகையில் இது ஏறத்தாழ 7க்கு இறங்கிவிடும்; அதனால் கசிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். பற்சக்கரங்களைக் காக்கும் கூட்டுப்பொருட்களும் இதில் போதா.

கியர் எண்ணெயின் தீங்கு இதற்கு எதிர்மாறானது. குளிர்ந்த நிலையில் அதன் தடிப்பினால் ஊட்டுப் பம்பால் போதிய எண்ணெயை உறிஞ்ச இயலாது. அப்போது உறிஞ்சு குழாயில் அழுத்தம் குறைந்து குமிழ்கள் தோன்றும்; அவை உயர் அழுத்தப் பக்கத்தில் சிதையும்போது உலோகப் பரப்பில் குழிகளை உண்டாக்கும். கியர் எண்ணெய்கள் சிலவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சூட்டில் பம்பின் வெண்கலப் பகுதிகளை அரிக்கவும் வல்லவை. கொள்கலனில் உள்ள எண்ணைக் கண்டும் ஏமாறலாகாது. கியர் எண்ணெய்க்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் தனித்தனி அளவுமுறைகள் உள்ளன. கியர் எண்ணெயின் 90, எஞ்சின் எண்ணெயின் 40 அல்லது 50க்கு நிகரானது.

கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் எண்ணெய் இவை எல்லாவற்றினும் கொடியது. கனிம எண்ணெய்க்கென ஆக்கப்பட்ட ரப்பர் வளையங்களை அது ஊதச் செய்து மென்மையாக்கிவிடும்.

மறுபுறம், புல்வெட்டும் சிறு வண்டிகளில் உள்ள ஹைட்ரோஸ்டாட்டிக் அச்சுகள் சிலவற்றுக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெயையே அவற்றின் தயாரிப்பாளர்கள் விதிக்கின்றனர். ஆகவே ஓர் எண்ணெய் தவறானதா என்பதை முடிவு செய்வது அதன் தரம் மட்டுமன்று. அவ்வண்டியின் கையேடு கூறும் தரக்குறியீடே ஆகும்.

303 என்னும் பெயர்

1960களில் ஜான் டியர் நிறுவனம் தன் டிராக்டர்களுக்கென 303 என்ற பெயரில் ஓர் எண்ணெயை விற்றது. அதன் கூட்டுப்பொருட்களுள் எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெயும் ஒன்று. 1970இல் ஐக்கிய அமெரிக்கா இத்திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. அப்பத்தாண்டிலேயே 303 கைவிடப்பட்டது. ஜே20 வரிசைத் தரக்குறியீடுகள் அதன் இடத்தைப் பெற்றன.

எண்ணெய் மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. வேறு பல நிறுவனங்கள் மஞ்சள் நிற வாளிகளில் 303 என்று அச்சிட்டு மலிவான எண்ணெய்களை விற்று வந்தன. அப்பெயருக்கென நடைமுறையில் உள்ள தரக்குறியீடு எதுவும் இல்லாமையால், வாளிக்குள் இருப்பது இன்னது என வாங்குபவர் அறிய வழியில்லை. 2017இல் மிசூரி மாநில வேளாண்மைத் துறை இத்தகைய எண்ணெய்களின் தரத்தை ஆராயத் தொடங்கியது. பலவற்றில் பாகுநிலையும் கூட்டுப்பொருட்களும் போதாதிருந்தமையால், 303 என்ற பெயரில் விற்பதை அம்மாநிலமும் பின்னர் வேறு சில மாநிலங்களும் தடை செய்தன. வண்டிகள் பழுதானதாக உழவர்கள் தொடுத்த வழக்குகள் 2020இல் மிசூரியின் மேற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன.

தவறு நேர்ந்த பின்

எஞ்சினை இயக்குமுன் தவறு தெரியவந்தால் இழப்பு எண்ணெயின் விலையோடு முடியும். தொட்டியை வடித்து, வடிகட்டியை மாற்றி, உரிய எண்ணெயை ஊற்றினால் போதும். இயக்கிய பின்னரோ தொட்டியை வடிப்பதால் எல்லா எண்ணெயும் வெளியேறாது. லோடரின் உருளைகள், குழாய்கள், அச்சுக் கூடுகள் ஆகியவற்றில் ஒரு பகுதி தங்கிவிடும். லோடரைத் தாழ்த்தி உருளைகளைச் சுருக்கிய பின் வடித்தல், புதிய எண்ணெயில் சில மணி நேரம் இயக்கி மீண்டும் ஒருமுறை வடிகட்டியுடன் மாற்றுதல் ஆகியன வழக்கமான முறைகள். பிரேக் எண்ணெய் கலந்திருந்தால் ரப்பர் வளையங்களையும் மாற்ற நேரிடும்.

கழற்றிய வடிகட்டியை வெட்டிப் பார்ப்பது பயன் தரும். அதில் வெண்கல நிறத் துகள்கள் மின்னினால் பம்பின் வழுக்குப் பரப்புகள் ஏற்கெனவே தேயத் தொடங்கிவிட்டன எனலாம். அந்நிலையில் பம்பையும் மோட்டாரையும் ஒரே அலகாக மாற்ற வேண்டியிருக்கும். பழைய டிராக்டர்களில் அவ்வலகின் விலை வண்டியின் மதிப்பையே நெருங்கிவிடுவதுண்டு.