பொன்னும் களிம்பும்

மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக்கரையில் விளங்கும் திருப்பூவணத்தில், பொன்னனையாள் என்னும் உருத்திரகணிகை பொன்னால் உற்சவத் திருமேனி சமைக்க விரும்பிப் பொருளின்றி வருந்த, சித்தராய் எழுந்தருளிய இறைவன் அவளில்லத்து உலோகக் கலங்களில் நீறு தூவித் தீயிலிடுவித்துப் பொன்னாக்கினான் என்று பரஞ்சோதி முனிவரது திருவிளையாடற் புராணம் இரசவாதம் செய்த படலத்தில் (36-ஆம் படலம்) கூறும். செம்பிற் களிம்புபோல உயிரின்கண் ஆணவம் என்பது சித்தாந்த உவமை. இவ்விரண்டினையும் கற்போர்க்குப் பொன்னின் இரசாயன இயல்பு சிறிது தெரிந்திருத்தல் நலம்.

செம்பும் இரும்பும் காற்றிலுள்ள பிராணவாயுவைத் தாமே பற்றுவன, பொன் பற்றாது. 2015-இல் தொடங்கிய கீழடி அகழாய்வில், இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேல் மண்ணுட் கிடந்த பொன்னணித் துண்டுகள் பொன்னாகவே வெளிப்பட்டன.

எனினும், பொன்னுக்குப் பிராணவாயுக் கூட்டே இல்லையென்றல் பிழையாம். வெடியுப்புத் திராவகமும் உப்புத் திராவகமும் கலந்த இராசதிராவகத்திற் பொன்னைக் கரைத்து, காரஞ் சேர்த்துப் படியவைத்து, அப்படிவை மெல்ல உலர்த்தின் பழுப்புநிறப் பொடி கிடைக்கும். அதன்கண் பொன்னணு இரண்டிற்குப் பிராணவாயு அணு மூன்று. இங்ஙனம் வருந்திக் கூட்டிய கூட்டும் சுமார் 160 பாகை வெப்பத்திற் சிதைந்து, வாயு நீங்கப் பொன்னே எஞ்சும். பலகாரம் பொரிக்கும் எண்ணெயின் சூடே இதற்கமையும்! செம்பின் கூட்டோ கரியின் துணையின்றி எளிதிற் பிரியாது. தெற்காவணி மூலவீதியிற் கொண்ட அணிகலன் நாட்பட மங்குவதும் பெரும்பாலும் அதிற் கலந்த செம்பு வெள்ளிகளாலேயாம். 24 பங்கில் 22 பங்கே அதிற் பொன்.

அற்றேல், களிம்பு காற்றாலும் ஈரத்தாலும் பின்னர் வந்தேறுவதாகலின், அநாதியாகிய ஆணவத்திற்கு உவமையாதல் யாங்ஙனம் எனின், இவ்வையம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மாந்தர் கையிற் கலமாய் வந்த செம்பினை நோக்கியே இவ்வாறு வினவப்படுகின்றது. நிலத்துட் செம்பு பெரும்பாலும் கந்தகம், பிராணவாயு முதலியவற்றோடு கூடியே கிடக்கின்றது. அக்கனியங்களுள் ஒன்றாகிய பச்சைக்கல்லும் கலத்திற் படியும் களிம்பும் ஓரினத்தன. பொன்னோ பெரும்பாலும் தனித்தே கிடைப்பது. ஆகவே, உலைக்கு முன்னைய செம்பை நோக்குவார்க்கு உவமை பழுதுபடாது. ஒருபுடை ஒப்புமையென்பதே அமையும்.

களிம்பு நீங்கிய செம்பு செம்பேயன்றிப் பொன்னாகாது; செம்பின் அணுவெண் 29, பொன்னின் அணுவெண் 79. தீயும் மருந்தும் அணுவின் உட்கருவைத் தீண்டா. எனவே, பொன்னனையாள் வரலாற்றை உலைக்களத்து முறையாக விளக்கப் புகுவார் புராணத்திற்கும் நன்மை செய்யார், இரசாயனத்திற்கும் செய்யார். 1941-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நியூட்ரான்களாற் பாதரசத்தைத் தாக்கிப் பொன் பெற்றனர். அப்பொன்னோ கதிர் வீசித் தானே அழிந்து வேற்றுப் பொருளாயிற்று.