சைலன்சரை மாற்றினால் பைக் பறக்குமா?

இரவு பதினொரு மணிக்கு மேல் கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஒரு பைக் ஏறுகிறது. ஆற்காடு சாலையின் இரு பக்கமும் உறங்குபவர்களை எழுப்பிவிட்டு வடபழனிப் பக்கம் போய் மறைகிறது. ரேஸ் பைக் மாதிரி உறுமினால் ரேஸ் பைக் மாதிரி ஓடும் என்பது ஓட்டுகிறவரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் கோடம்பாக்கத்துக்கும் பங்கு உண்டு. சினிமாவில் நாயகனின் பைக் உறுமலைப் பெரும்பாலும் பிறகு ஸ்டுடியோவில்தான் சேர்க்கிறார்கள். திரையில் சத்தம் கூடினால் வேகம் கூடியதாக அர்த்தம். ரேஸ் டிராக்கில் கணக்கே வேறு.

குழாய்க்குள் ஓடும் அலை

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் எரிந்த வாயு, எஞ்சினிலிருந்து கிளம்பும் பென்ட் பைப்புக்குள் பீறிடுகிறது. அந்த வாயுவை முந்திக்கொண்டு ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தைத் தொட்டதும் அந்த அலை திரும்பிவிடும். போகும்போது தள்ளிக்கொண்டு போன அலை, வரும்போது உறிஞ்சிக்கொண்டு வரும். எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் நொடியில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே வரவழைக்கும். ரேஸ் எஞ்சினுக்குக் கூடுதல் பலம் தருவது இந்த இழுவைதான்.

எஞ்சின் 12,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, ஃபோர் ஸ்ட்ரோக்கின் நான்கு வேலைகளும் 10 மில்லி விநாடியில் முடிந்துவிடுகின்றன. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருப்பது அதில் ஏறத்தாழ 1 மில்லி விநாடிதான். சூடான வாயுவில் ஒலி விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடும். அப்படியானால் குழாய் ஒரு சாண் நீண்டாலோ குறைந்தாலோ அலை நேரம் தவறிவிடும். தவறிய அலை உதவாமல் போவது மட்டுமில்லை, சில ஆர்பிஎம்களில் புகையைத் திரும்ப உள்ளே தள்ளிவிடவும் செய்யும்.

நான்கு ஒன்றாகும் இடம்

சூப்பர்பைக்குகளில் பலவற்றுக்கு நான்கு சிலிண்டர். நான்கு பென்ட் பைப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்தால் உச்ச ஆர்பிஎம்மில் பலம் கிடைக்கும். முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு ஒன்றாக்கினால் நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும். நீண்ட நேர்பாதை உள்ள டிராக்கா, வளைவுகள் நிறைந்த டிராக்கா என்பதைப் பொறுத்து எது லாபம் என்று பார்க்கிறார்கள்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஆர்பிஎம் மாற மாற வால்வின் நேரம் மாறும், குழாயின் நீளம் மாறாது. இதற்கு யமஹா 1987-இல் ஒரு வழி கண்டது. குழாய்கள் சேரும் இடத்தில் 'எக்ஸப்' என்ற வால்வைப் பொருத்தியது. குறைந்த ஆர்பிஎம்மில் அது பாதையைச் சுருக்கி, வேண்டாத அலையைத் தடுக்கும். ஆர்பிஎம் ஏறினால் திறந்துகொள்ளும்.

ரேஸ் சைலன்சர்களுக்கு டைட்டானியம் பயன்படுவதற்குக் காரணம் எடை. அதன் அடர்த்தி எஃகில் பாதிக்குச் சற்றே மேல். வளைவில் பைக்கைச் சாய்த்து நிமிர்த்தும்போது குறைந்த ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

ஆர்எக்ஸ் 100 சொன்ன பாடம்

குழாய்க்கும் பலத்துக்கும் உள்ள தொடர்பு சென்னைக்காரர்களுக்குப் புதிய பாடமும் இல்லை. ஆர்எக்ஸ் 100 என்ற டூ ஸ்ட்ரோக் பைக்கை வைத்திருந்தவர்களுக்கு, சைலன்சரில் கரி அடைத்தால் பிக்கப் போய்விடும் என்பது தெரியும். மெக்கானிக் அதைக் கழற்றி, நெருப்பில் சுட்டுக் கரியை உதிர்த்துத் தருவார். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது. எரியாமல் நழுவப் பார்க்கும் பெட்ரோலைத் திரும்ப உள்ளே தள்ளுவது, விரிந்து பிறகு குறுகும் குழாயிலிருந்து திரும்பி வரும் அலைதான். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் இந்த நுட்பத்தைச் செம்மைப்படுத்தினார். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்குக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். அந்த நுட்பமும் அவரோடு ஜப்பானுக்குப் போனது.

சென்னைப் பக்கத்திலும் ரேஸ் உண்டு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குப் பிறகு, 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. டிராக் இருக்கிறது. அங்கே ஓடும் ரேஸ் பைக்குகளில் எக்ஸாஸ்டை மாற்றினால் எரிபொருள் அளவையும் அதற்கேற்ப மாற்றி அமைப்பார்கள்.

ரோட்டில் நடப்பது என்ன?

கடையில் நாம் மாற்றுவது பெரும்பாலும் கடைசித் துண்டான சைலன்சரை மட்டும்தான். அலையின் வேலையோ பெருமளவு அதற்கு முன்னால், பென்ட் பைப்பிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. உள்தடுப்பைப் பிடுங்கினால் சத்தம் கூடும், சில ஆர்பிஎம்களில் பிக்கப் குறையவும் செய்யும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சேர்த்து எடுத்தால் கார்பன் மோனாக்சைடு நேராகத் தெருவுக்கு வரும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. புதிய இருசக்கர வாகனங்களுக்கான ஒலி வரம்பு 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி, புகை விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் 3 மாதம் போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்குத் தனி அபராதம் உண்டு: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய்.

பிக்கப் குறைந்ததாகத் தோன்றினால், அடுத்த சர்வீஸில் ஏர் ஃபில்டர், செயின், டயர் காற்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான், ஆற்காடு சாலையில் யாருடைய தூக்கமும் கெடாது. ரேஸ் பைக்கின் உறுமலைக் கேட்க ஆசையென்றால், பந்தய நாளில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வாருங்கள்.