தீசிஸ் டென்ஷன்: அந்த 256 பேரை எப்போது பார்க்கப் போகிறீர்கள்?

எம்.டி., எம்.பி.ஹெச்., எம்.எஸ்சி நர்சிங்... எதில் சேர்ந்தாலும் முதல் வருஷத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். "தீசிஸுக்கு என்ன டாபிக்?" சீனியரிடம் கேட்டால் தன் பழைய தலைப்பில் ஊர் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். கைடிடம் கேட்டால் "நீயே யோசிச்சுட்டு வாம்மா" என்பார். லீவுக்கு ஊருக்கு வந்தாலும் மண்டைக்குள் அதே ஓட்டம்தான்.

அந்த ஊர் வடக்குத்து என்று வைத்துக்கொள்வோம். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, சென்னை - கும்பகோணம் சாலையில் இருக்கிற ஊர். பக்கத்திலேயே பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையங்களும். பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரித் தோப்புகள். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஒப்பந்தத் தொழிலாளி, லாரி கிளப்பும் புழுதிக்கு நடுவே டீக்கடை, முந்திரிக்கொட்டை உடைக்கிற அக்காக்கள்... ஆய்வுக் கேள்விகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. அவற்றில் ஒன்றைப் படிப்பு முடிவதற்குள் முடிக்கக்கூடிய அளவுக்கு வெட்டிச் சுருக்குவதுதான் கஷ்டம்.

'நெய்வேலி மக்களின் நுரையீரல் ஆரோக்கியம்' - கேட்க கம்பீரமாக இருக்கும். ஆனால், அது கடல். மக்கள் என்றால் யார், குழந்தைகளுமா? ஆரோக்கியத்தை எதை வைத்து அளப்பீர்கள்? இப்படிக் குடைந்துகொண்டே போனால், 'சுரங்கப் பகுதியில் ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கும், 30 முதல் 50 வயதுக்குட்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களில் எத்தனை சதவிகிதம் பேருக்கு மூச்சுக்குழாய் அடைப்பு இருக்கிறது?' என்கிற இடத்துக்கு வந்து சேரலாம். இது செய்யக்கூடிய கேள்வி. இதிலும் சிக்கல் உண்டு. அடைப்பு கண்டுபிடித்தாலும், காரணம் சுரங்கத் தூசியா, பீடியா, வீட்டு விறகடுப்பா? இந்த மூன்றையும் கேள்வித்தாளில் கேட்காமல் விட்டால், கடைசியில் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

என்னைக் கேட்டால் என் ஓட்டு முந்திரிக்குத்தான். கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம் இருக்கிறது. கையில் பட்டால் தோலை அரிக்கும், கருக்கும். சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உடைக்கிறார்கள். கைகளைப் பார்த்துப் பதிவு செய்ய பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். தோல் நோய் தெரிந்த கண், ஒரு படிவம், நிறைய பொறுமை போதும். நுரையீரல் ஆய்வுக்கோ ஸ்பைரோமீட்டர் வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று முறை சரியாக ஊத வேண்டும். பாதிப்பேர் முதல் தடவை சிரித்துவிடுவார்கள்.

சரி, எத்தனை பேர்? முந்தைய ஆய்வு ஒன்று '20 சதவிகிதம் பேருக்குப் பிரச்னை' என்கிறது என்று வையுங்கள். உங்கள் கணக்கு 5 புள்ளிகள் முன்னே பின்னே இருக்கலாம் என்றால், நாலு பெருக்கல் 20 பெருக்கல் 80, அதாவது 6,400. இதை ஐந்தின் வர்க்கமான 25-ஆல் வகுத்தால் 256 பேர். 7 புள்ளிகள் வரை பரவாயில்லை என்றால் 131 போதும்.

இந்த 256-ஐ புரோட்டோகாலில் எழுத ஒரு நிமிஷம் போதும். பார்த்து முடிக்க? டியூட்டிக்கு நடுவே வாரத்தில் ஒரு மதியம்தான் கிடைக்கும். ஒருவருக்கு அரை மணி நேரம் என்றால் மூன்று மணி நேரத்தில் ஆறு பேர். 256-ஐ ஆறால் வகுங்கள். 43 வாரம். கிட்டத்தட்ட பத்து மாசம், அதுவும் ஒரு வாரம்கூடத் தவறாமல்!

எம்.டி மூன்று வருஷப் படிப்பு. ஆனால், தேர்வுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. அதனால் கையில் இருப்பது 30 மாதம். தலைப்பு, புரோட்டோகால், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி என்று முதல் ஆறு மாதம் ஓடிவிடும். நடுவில் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்கு மூன்று மாதம். அலசி எழுத நான்கு மாதம். மீதி 17. அதற்குள்தான் அந்த 43 வாரங்களைச் செருக வேண்டும். இரண்டு வருஷப் படிப்பென்றால் இதே கணக்கு மூச்சு முட்டும். அங்கே 131-தான் யதார்த்தம்.

காலேஜ் காலண்டரோடு ஊர் காலண்டரையும் பாருங்கள். கடலூர் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வெள்ளம், புயல் எது வேண்டுமானாலும் வரலாம். 'தானே' புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்து முந்திரித் தோப்புகளைப் புரட்டிப் போட்டதை இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பாதிப்பேரை மார்கழிப் பனியிலும் மீதிப்பேரை சித்திரை வெயிலிலும் பார்த்தால் இருமல் கணக்கே மாறிப்போகும். தைப்பூசத்தன்று பக்கத்து வடலூரில் கூட்டம் அலைமோதும்போது யாரும் உங்களுக்காக வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். படிப்பது சென்னையில், ஆய்வு வடக்குத்தில் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வாரமும் பஸ்ஸிலேயே பாதி போய்விடும். சிதம்பரத்திலோ புதுச்சேரி ஜிப்மரிலோ படிப்பவர்களுக்கு இந்த ஊர் பரவாயில்லை.

எத்திக்ஸ் கமிட்டியை ஃபார்ம் நிரப்பும் சடங்காகப் பார்ப்பவர்கள் அதிகம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். "இந்த ரிசல்ட் கம்பெனிக்குப் போகுமா? மூச்சு சரியில்லைன்னு வேலையிலிருந்து நிறுத்திடுவாங்களா?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. பதில் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். பெயரும் போன் நம்பரும் ஒரு ஃபைலில், சோதனை முடிவு எண் குறியீட்டோடு வேறொரு ஃபைலில். இரண்டையும் இணைக்கும் சாவி உங்களிடமும் கைடிடமும் மட்டும். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கூடவே கூடாது. அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அவரை எந்த மருத்துவமனைக்கு, யாரிடம் அனுப்புவீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ஊதச் சொல்லிவிட்டு "தேங்க்ஸ் அண்ணே" என்று கிளம்பிவிட முடியாது.

ஒப்புதல் படிவத்தின் தமிழ் தனிக் கதை. 'இவ்வாய்வில் தன்னிச்சையாகப் பங்கேற்க இசைவு தெரிவிக்கிறேன்' என்று எழுதி நீட்டினால் கையெழுத்து கிடைக்கும், சம்மதம் கிடைத்ததாக அர்த்தமில்லை. 'இதில் சேர்வதும் சேராததும் உங்க விருப்பம். நடுவுல வேண்டாம்னாலும் நிறுத்திக்கலாம். அதனால உங்க சிகிச்சை எதுவும் பாதிக்காது' என்று எழுதுங்கள். அம்மாவிடமோ பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமோ படித்துக் காட்டி, "என்ன புரிஞ்சுது?" என்று கேளுங்கள்.

மருந்தோ பயிற்சியோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வென்றால், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், ஆரம்பித்த பிறகு பதிவு செய்கிற வழியே கிடையாது.

புள்ளியியல் நிபுணரைப் பார்ப்பதும் அப்படித்தான். ஆய்வு முடிந்த பிறகு அவரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, ஆய்வு எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்வார் என்ற பொருளில் ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசியிருக்கிறார். இன்னமும் பல பேர் எக்ஸெல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி மாதம்தான் ஓடுகிறார்கள்.

டேட்டா சேகரிக்க போனே போதும். எபிகலெக்ட்5, கோபோடூல்பாக்ஸ் போன்றவை நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். மேற்கோள்களை முதல் நாளிலிருந்தே ஸோட்டெரோவில் சேர்த்துவிடுங்கள். கமிட்டி அனுமதிக்காகக் காத்திருக்கும் வாரங்களில் 'ஆய்வு முறை' அத்தியாயத்தை எழுதலாம், புரோட்டோகாலில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. முந்தையவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய ஆய்வேடுகளை இலவசமாகவே படிக்கலாம். படிக்க மட்டும்! காப்பி அடித்தால் பிளேஜியரிசம் சாஃப்ட்வேர் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் எல்லாம் முடிந்து, தூசியில் வேலை பார்ப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று முடிவு வரலாம். ஹாஸ்டல் ரூமில் ராத்திரி இரண்டு மணிக்கு, "இந்த எட்டு பேரை எடுத்துட்டா வித்தியாசம் வந்துடும்" என்று தோன்றும். எடுக்காதீர்கள். வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு முடிவுதான். ரொம்ப மூச்சு வாங்கியவர்கள் முன்பே வேலையை விட்டுப் போயிருக்கலாம், அதனால் அவர்கள் உங்கள் 256-க்குள் வராமலே போயிருக்கலாம். அதை 'வரம்புகள்' பகுதியில் எழுதுங்கள். முடிந்தால், வேலையை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்று வடக்குத்து டீக்கடையில் விசாரித்துப் பாருங்கள். அடுத்த பேட்ச் ஜூனியருக்கு டாபிக் ரெடி.