கரிசல் மண்ணும் கனல் வெள்ளமும்

(பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

சுருளி அருவிக்குப் போகும் வழியில், மழையில் நனைந்தால் எண்ணெய் பூசினாற்போல் மின்னும் கரிய பாறைகளைத் தோழியர் பலரும் பார்த்திருப்பீர்கள். சென்ற ஆடி அமாவாசையன்று அங்கே என் தம்பி, "அக்கா, இது என்ன கல்லு?" என்று கேட்டான். "எரிமலைக் குழம்பு உறைஞ்ச கல்லுடா" என்று தயங்காமல் சொன்னேன். கூட வந்திருந்த விளாத்திகுளத்து அத்தையிடமும், "உங்க ஊர்க் கரிசலும் அந்த எரிமலையில இருந்து வந்ததுதான் அத்தை" என்று பெருமையடித்துக்கொண்டேன். கரிசல் மண் எரிமலைப் பாறையிலிருந்து உண்டானது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் அல்லவா நான்! பிறகு நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான், சொன்ன இரண்டுமே தவறு என்று தெரிந்தது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

முதலில் எரிமலையைப் பற்றிப் பார்ப்போம். எரிமலை என்றதும் கூம்பு வடிவ மலையும் உச்சியில் புகையும் நம் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் தக்காணத்தில் நடந்தது வேறு. இன்றைக்குச் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இந்தியா ஆசியாவோடு சேராமல் கடல் நடுவே வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த ஒரு வெப்பப் பெருக்கின் மேலாக அது கடந்து சென்றபோது தரை நீள நீளமாகப் பிளந்தது. அப்பிளவுகளின் வழியே கற்குழம்பு, மடை திறந்த வெள்ளம் போல் பரவியது. உறைந்தது, மீண்டும் பரவியது. பெரும்பகுதி பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தது என்கிறார்கள். அதே வெப்பப் பெருக்கு இன்று இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்குள்ள எரிமலை இன்னும் அடிக்கடி கனல் கக்கி வருகிறது.

அப்படி உறைந்த பசால்ட் பாறை இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. நம் தமிழ்நாட்டைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு! மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியும், மத்தியப் பிரதேசம், குஜராத், தெலங்கானா, வட கர்நாடகம் ஆகியவற்றின் சில பகுதிகளும் அதில் அடங்கும். அடுக்கடுக்காகப் படிந்ததால் அங்குள்ள மலைகள் படிக்கட்டுகள் போல் தோன்றும். படிக்கட்டைக் குறிக்கும் சுவீடிய மொழிச் சொல்லிலிருந்தே 'டிராப்' என்ற பெயர் வந்தது. அஜந்தா, எல்லோரா குகைகள் இப்பாறையில்தான் குடையப்பட்டன. சில ஓட்டங்கள் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே கிழக்கே ராஜமுந்திரி வரை சென்றிருக்கின்றன.

இனி உயிர்களின் கதை. கற்குழம்பு நேரே கொன்ற உயிர்கள் கொஞ்சம்தான். அதனுடன் வெளிவந்த கந்தக வாயுவும் கரியமில வாயுவுமே பெரும் பகை. கந்தகம் வானில் திரையிட்டு வெயிலை மறைத்துக் குளிரையும் அமில மழையையும் தரும். கரியமில வாயு நெடுங்காலம் தங்கிச் சூட்டை ஏற்றும். 1783-ஆம் ஆண்டு ஐஸ்லாந்தில் லாக்கி என்ற பிளவு எட்டு மாதங்கள் கனல் கக்கியபோது, புல் நஞ்சாகிக் கால்நடைகள் மடிந்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இறந்தனர். தக்காணத்தோடு ஒப்பிட்டால் லாக்கி வெறும் அகல்விளக்கு. இன்னும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. சைபீரியாவில் 25 கோடி ஆண்டுகளுக்குமுன் இதேபோன்ற கனல் வெள்ளம் பாய்ந்த காலத்தில்தான் கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை அழிந்தன.

அப்படியானால் டைனோசர்களைக் கொன்றது தக்காணமா? இங்கேதான் வழக்கு இருக்கிறது. 1980-இல் அல்வாரெஸ் என்ற தந்தையும் மகனும் உடன் இருவரும் சேர்ந்து, அக்காலத்துக் களிமண் படிவில் இரிடியம் என்னும் அரிய உலோகம் மிகுந்திருப்பதைக் காட்டி, விண்கல் ஒன்று மோதியது என்றனர். மெக்சிகோவில் சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள மோதற்குழி பின்னர் அடையாளம் காணப்பட்டது. இன்று அறிஞர்களில் பெரும்பாலோர் விண்கல்லையே முதற் குற்றவாளி என்பர். தக்காணம் முன்பே உயிர்களை நலியச் செய்திருந்தது என்போரும் உண்டு. எனக்கு விண்கல் கட்சியே வலுவாகப் படுகிறது. ஏனெனில் தக்காணத்தின் இரு குழம்பு அடுக்குகளுக்கிடையே நன்னீர் நத்தைகளும் மரங்களும் புதைபடிவங்களாகக் கிடைக்கின்றன. ஓட்டம் நின்ற இடைவேளைகளில் ஏரியும் காடும் அங்கே மீண்டும் தழைத்திருக்கின்றன.

இக்கதையின் சாட்சி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் அக்காலத்தில் கடல். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் அந்த வட்டாரத்தில், ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கல்லமேட்டில் டைனோசர் எலும்புகளும் கிடைத்தன. அதற்கு மேலே உள்ள பிற்காலப் படிவுகளில் அம்மோனைட் இல்லை. உலகம் முழுவதும் அவ்வினம் அத்தோடு முடிந்தது.

சரி, நம் ஊர்ப் பாறை? சுருளியின் கல்லும் மேகமலையின் கல்லும் சார்னோகைட், நைஸ் வகையைச் சேர்ந்தவை. பூமியின் ஆழத்தில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாதியில்தான் எரிமலைப் பாறை உண்டு. நம் பாதியில் இல்லை.

விளாத்திகுளம், கோவில்பட்டிக் கரிசலின் அடியிலும் பெரும்பாலும் இவ்வகைப் பழம்பாறைகளே. பிறகு எப்படிக் கறுத்தது? பாறையில் சுண்ணாம்புச் சத்து இருந்து, நிலம் தாழ்ந்து, மழை குறைந்து, நீர் வடியாமல் நின்றால் வீங்கிச் சுருங்கும் தன்மையுள்ள களிமண் உண்டாகும். சிறிதளவு மக்கும் அதனோடு இறுகப் பிணைந்து கருமை தரும். அதே பாறை சரிவில் இருந்து நீர் நன்றாக வடிந்தால் இரும்பு துருவேறிச் செம்மண் ஆகிவிடும். தாய் ஒருத்தி; பிள்ளைகள் இரு நிறம். மகாராஷ்டிரத்துக் கரிசல் எரிமலையின் பிள்ளை என்பது உண்மையே. நம் கரிசலுக்கு அந்த உறவு இல்லை. குணம் மட்டும் ஒன்று. ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்துப் பருத்தியையும் சோளத்தையும் மானாவாரியாகவே விளைவிக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மேல்மண் வெடிப்பில் விழுந்து, தன்னைத்தானே உழுதுகொள்ளும். கட்டிய வீட்டையும் அது சும்மா விடுவதில்லை. அத்தை வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. பூசப் பூச மறுபடி திறக்கிறது.

பொங்கலுக்கு அத்தை வந்தபோது என் தவற்றைச் சொன்னேன். "எரிமலையோ என்னமோ, செவுரு வெடிக்காம இருக்க வழி படிச்சியாம்மா?" என்றார். அடிவாரத்தை ஆழமாகத் தோண்டிக் கரிசலை எடுத்துவிட்டு மணலோ சரளையோ கொட்டி அதன்மேல் கட்டுவதும், வீட்டைச் சுற்றி நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது என்று படித்ததைச் சொன்னேன். மறுமுறை வந்தபோது ஒரு பையில் அவர் ஊர் மண்ணைக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் அந்த மண்ணையும் எங்கள் தோட்டத்துச் செம்மண்ணையும் பாதிவரை நிரப்பித் தண்ணீர் ஊற்றி வைத்தோம். காலையில் பார்க்கையில் செம்மண் இருந்த இடத்திலேயே இருந்தது. கரிசல் இரண்டு விரற்கிடை மேலே ஏறியிருந்தது. இப்போது அது காய்ந்து, என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு நடுவில் பிளந்து, ஜன்னலோரம் இருக்கிறது.