தூளிக் கயிறும் ஐந்து பாகங்களும்

என் பாட்டி பைண்டு செய்து வைத்திருந்த ‘பொன்னியின் செல்வ’னில் நான்கு வாரங்கள் கிடையாது. ‘கல்கி’யில் வாராவாரம் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்த தொகுப்பு அது. மணியத்தின் ஓவியங்கள், ஓரத்து விளம்பரங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கதை தாவும். “அப்பத்தான் உங்க பெரியப்பா பொறந்தான். அந்த நாலு வாரம் புஸ்தகம் எங்க போச்சுன்னே தெரியல. பக்கத்து வீட்டு அக்கா வந்து கதையைச் சொல்லிட்டுப் போவாங்க” என்பார் பாட்டி.

எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் அந்த நான்கு வாரம் புரிந்தது. “நாவலெல்லாம் இப்ப எதுக்கு? சின்னச் சின்னக் கதையாப் படி” என்றார்கள். படித்துப் பார்த்தேன். சிறுகதை ஒரே மூச்சைக் கேட்கிறது. பாதியில் குழந்தை சிணுங்கினால் அறுந்துவிடும். மறுநாள் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய நாவல் அப்படியில்லை. முதல் நூறு பக்கம் கடந்துவிட்டால் அந்த மனிதர்கள் நம்மோடு சமையலறைக்கு வந்துவிடுகிறார்கள். ராகிக் கூழ் கிளறும்போதும் ‘பொன்னியின் செல்வ’னின் வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டுதான் இருக்கிறான். மூன்று நாள் கழித்துத் திறந்தாலும் யாரையும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அந்த நாவலே துண்டு துண்டாகப் படிப்பதற்காக எழுதப்பட்டதுதானே. 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று படித்தால் பத்தே மாதம். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ 361 அத்தியாயங்கள், ஏறக்குறைய ஒரு வருடக் கணக்கு. அது எழுதப்பட்டதும் கைக்குழந்தைகள் இருந்த வீட்டில்தான். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, கணவரின் அடித்தல் திருத்தல் நிறைந்த தாள்களை இரவில் படியெடுத்தவர் சோஃபியா. 1869-இல் நாவல் முடிந்தபோது அவருக்கு நான்கு குழந்தைகள். அந்த இரவுகளை நினைக்காமல் என்னால் அந்தப் புத்தகத்தைத் தொட முடிவதில்லை.

என் வழி தூளிதான். கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் புத்தகத்துக்கு. பால் கொடுக்கும்போது ஒரு கைதான் மிஞ்சும். அதற்குத் தனித்தனிப் பாகமாக வந்த பதிப்பு வேண்டும், ஒரே தடிமனான புத்தகம் மணிக்கட்டை வலிக்கவைக்கும். நள்ளிரவில் விளக்குப் போட முடியாதபோது கைபேசி உதவுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் அனுபவத்தில் கற்றேன்: கல்கியை அத்தியாய முடிவில் நிறுத்தக் கூடாது. நிறுத்த விடமாட்டார். நடுவில் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மணிக்குக் குழந்தை எழும்போது நாம் இன்னும் தூங்கியே இருக்கமாட்டோம்.

ஆனால் தூளியும் கைபேசியும் பாதிதான். கையில் புத்தகத்தோடு ஒரு தாய் உட்கார்ந்திருந்தால் “சும்மாதானே இருக்க, அந்தத் துணியை மடிச்சு வையேன்” என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதே வீட்டில் ஆண் செய்தித்தாள் விரித்தால் யாரும் குறுக்கே போவதில்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கணவரிடம் சொன்னேன்: “ஒன்பது மணிக்கு மேல அரை மணி நேரம் ரெண்டு பேரையும் நீங்க பாத்துக்கங்க. நான் படிக்கணும்.” “சரி, நீ போ” என்றார். இவ்வளவுதான். இதைக் கேட்க எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. கேட்கவும் ஆளில்லாமல் தனியாக வளர்ப்பவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை. பாட்டிக்கு வாய்த்த அந்தப் பக்கத்து வீட்டு அக்கா அவர்களுக்கும் வாய்க்க வேண்டும்.

சின்னவளுக்கு நான்கு மாதமானபோது முதல் பாகமான ‘புதுவெள்ளம்’ தொடங்கினேன். இப்போது மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ பாதியில் இருக்கிறேன். எங்கே நிறுத்தினேன், எதற்காக நிறுத்தினேன் என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துவருகிறேன். பால். காய்ச்சல். தடுப்பூசி. முதல் பல். மூத்தவனின் பள்ளி ஆண்டுவிழா. நேற்று எழுதியது: சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.