சூடேறிய வண்டி கிளம்ப மறுப்பதேன்?

கோடை விடுமுறையில் ரயிலில் இடம் கிடைக்காத குடும்பங்கள் பல, சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்பட்டு விடுகின்றன. தில்லியிலிருந்து மும்பை, புனே, பெங்களூரு வழியாகச் சென்னை வரை செல்லும் 48-ஆம் எண் நெடுஞ்சாலையில், புனேயைத் தாண்டிக் கம்பாட்கி கணவாய் ஏறியபின் தேநீருக்காக நிறுத்துவோர் அநேகர். தொல்லை அங்கேதான் தலைகாட்டுகிறது. விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய வண்டி, இருபது நிமிஷ ஓய்வுக்குப் பின் கிளம்ப மறுக்கிறது. குழந்தைகளும் முதியோரும் வெயிலில் நிற்க, ஒருவர் பாட்டரி என்கிறார். மற்றொருவர் பம்ப் என்கிறார். ஒரு மணி நேரம் கழித்து வண்டி தானாகவே கிளம்பி விடுகிறது. பிறகு ஊகத்தின் பேரில் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பணம் கரைகிறது.

ஓடும் எஞ்சினைத் தண்ணீரும் எதிர்காற்றும் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் அவ்விரண்டும் நின்றுபோக, எஞ்சினின் உஷ்ணம் பானட்டுக்குள் பரவுகிறது. கால் மணி, அரை மணிக்குள் பெட்ரோல் குழாய்கள் ஓட்டத்தில் இருந்ததைவிட அதிகமாகச் சூடேறிவிடும். பெட்ரோலோ பல பொருள்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 டிகிரி சென்டிகிரேடுக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். அதைத் தடுப்பது அழுத்தம். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருப்பது எவ்வாறோ, அவ்வாறே அழுத்தத்திலுள்ள பெட்ரோலும் ஆவியாகாது நிற்கும்.

பழைய அம்பாஸடரிலும் பத்மினியிலும் எஞ்சினோடு ஒட்டியிருந்த பம்ப், பின்னாலுள்ள டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். ஆவிக் குமிழ்கள் அடைத்துக்கொள்ளும். மலைப்பாதைகளில் ஓட்டுநர்கள் பம்பின்மீது ஈரத்துணி சுற்றியது இதனால்தான். அது அறிவுள்ள வைத்தியமே. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு அது பொருந்தாது. இவற்றில் பம்ப் டாங்கிக்குள்ளேயே அமர்ந்து, பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 4 பார் வரை அழுத்தத்துடன் பெட்ரோலைத் தள்ளுகிறது. ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம். எஞ்சினை நிறுத்தியபின்னும் அவ்வழுத்தம் வெளியேறாதபடி ஒருவழி வால்வு ஒன்று காக்கிறது. அந்த வால்வு கசிந்தால் அழுத்தம் இறங்கும், குழாயில் பெட்ரோல் ஆவியாகும், வண்டி நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு. இன்ஜெக்டர் சொட்டினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் மிகுந்துவிடும். பசியாலும் மயங்கலாம், அஜீரணத்தாலும் மயங்கலாம், மருந்து ஒன்றாகாது. வழியிலேயே இரண்டையும் பிரித்தறியலாம். எஞ்சினைச் சுழற்றாமல், விளக்குகள் எரியும் நிலைக்கு மட்டும் சாவியைத் திருப்பி, சில விநாடி பொறுத்து அணையுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் ஏறக்குறைய இரண்டு விநாடி ஓடும். மூன்று முறை இவ்வாறு செய்தபின் வண்டி உடனே கிளம்பினால், அழுத்தம் இறங்கியிருந்தது என்று கொள்ளலாம். பயனில்லையேல், ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்குங்கள். பல வண்டிகளில் அப்பொழுது பெட்ரோல் பாய்வது நிறுத்தப்படும். கரும்புகையும் பெட்ரோல் வாடையுமாகக் கிளம்பினால் குற்றம் மிகுதியே. ஸ்டார்ட்டரே சோம்பிச் சுழன்றால் பெட்ரோலைக் குறைகூற வேண்டாம். பாட்டரியையும் ஸ்டார்ட்டரையும் பார்க்கவேண்டும். விரைவாகச் சுழன்றும் இரண்டு சோதனைக்கும் இணங்காவிடில், சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

உறுதியான தீர்ப்பை அழுத்தமானியே தரும். எஞ்சின் ஓடுகையில் அழுத்தம் தயாரிப்பாளர் குறித்த அளவுக்குக் குறைந்தால், அடைபட்ட பில்டரும் தளர்ந்த பம்பும் முதல் சந்தேகம். மிகுந்தால், ரெகுலேட்டர் சிக்கியிருக்கலாம். அல்லது டாங்கிக்குத் திரும்பும் குழாய் அடைந்திருக்கலாம். அத்தகைய வண்டி புகை கக்கும். பெட்ரோலையும் அதிகம் குடிக்கும். எஞ்சினை நிறுத்தி அரை மணி கவனித்தால், முள் மெதுவாக இறங்குவது இயல்பு. விரைவில் பூஜ்யத்துக்கு விழுவது குற்றம். அப்பொழுது பம்பிலிருந்து வரும் ரப்பர் குழாயை மெக்கானிக் இறுக்கிப் பிடித்ததும் முள் நின்றால் பம்பின் வால்வும், திரும்பும் குழாயை இறுக்கியதும் நின்றால் ரெகுலேட்டரும் கசிகின்றன. இரண்டையும் அடைத்தும் முள் விழுந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

வீட்டுக்காரர் இந்தக் குழாய்களைத் தாமே கழற்றலாகாது. சூடான எஞ்சின்மீது பெட்ரோல் பீறிட்டால் தீப்பிடிக்கும். டீசல் காமன்ரெயில் வண்டிகளில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும்; மெல்லிய கசிவும் தோலைத் துளைத்துவிடும்.

பாஷை தெரியாத ஊரிலும், "பஹலே பெட்ரோல் கா பிரஷர் தேகியே" என்ற ஒரு வாக்கியம் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். பம்பை மாற்றத் துணிந்த கை சற்றே தயங்கும். வண்டியை இரவே ஒர்க்ஷாப்பில் விட்டு வராதீர்கள். குளிர்ந்த வண்டி காலையில் குறையின்றிக் கிளம்பி, மெக்கானிக்கை நம்பாதவராக்கும். அரை மணி ஓட்டிச் சூட்டோடு கொண்டுபோய், அது ஆறுமுன் அழுத்தமானியைப் பொருத்தச் சொல்லுங்கள்.