விதைப் பைக்கு ஒரு டாலர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறவை மாடு வளர்க்கும் குடியானவர் ஒருவர் தம் நிலத்தில் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரை விதைக்க எண்ணி 50 பவுண்டு விதைப் பை ஒன்றை விலைக்கு வாங்கும்போது, அப்பையை விற்கும் விதைக் கம்பெனி ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு உடன்பட்ட கம்பெனியாக இருக்குமானால், பைக்கு ஒரு டாலர் வீதம் தனியே எடுத்துவைக்கப்பட்டு, அந்தப் பயிரைப் பற்றிய பொது ஆராய்ச்சிக்கென்றே ஏற்பட்ட நிதியில் போய்ச் சேருகிறது. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த ஏற்பாட்டை, விவசாயிகளின் சங்கங்களும் விதைத் துறையினரும் கூடி அமைத்துள்ள தேசியக் குதிரை மசால்-தீவனப் பயிர்க் கூட்டமைப்பு என்னும் ஸ்தாபனம் நடத்திவருகிறது. சர்க்கார் சட்டம் எதுவும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. சேருகிற தொகை சர்வகலாசாலைகளிலும் அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களிலும் உள்ள விஞ்ஞானிகளின் வேலைக்குச் செலவாகிறது. ஓர் ஏக்கருக்கு 15 முதல் 20 பவுண்டு வரையில் விதை பிடிக்குமென்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 40 சென்ட்டுக்கு மேற்படாத சுமை இது. அதுவும், ஒருமுறை விதைத்த குதிரை மசால் நான்கைந்து ஆண்டுகள் நின்று பலன் தருவதால், வருஷந்தோறும் கொடுக்க வேண்டியதும் அன்று. தொகை அற்பந்தான். ஆனால் அது ஏன் விதைப் பையிடம் வந்து நிற்கிறது என்று விசாரிக்கப் புகுந்தால், விவசாய ஆராய்ச்சியின் பொருளாதாரத்தில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

பயிரை உண்டாக்குகிறவர்களிடமிருந்தே அதன் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டும் வழக்கம் புதியதன்று. அமெரிக்காவில் சோயாபீன்ஸ் முதன்முதலாக விற்பனையாகும் இடத்தில், விலையில் நூற்றுக்கு அரைப் பங்கு சட்டப்படியே பிடித்துக்கொள்ளப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் கோதுமை விவசாயிகள், விளைச்சல் மதிப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றைப் பொது ஆராய்ச்சிக்குக் கொடுப்பதோடு, எந்த இரகத்தைப் பயிரிட்டார்களோ அந்த இரகத்தை உருவாக்கியவருக்கு டன்னுக்குச் சில டாலர்கள் உரிமைத் தொகையாகவும் தானியத்தை விற்கும் சமயத்தில் செலுத்துகிறார்கள். கோதுமை தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆகையால் ஒருமுறை வாங்கிய விதையிலிருந்து விவசாயி தாமே பல ஆண்டுகளுக்கு விதை எடுத்துக்கொள்ள முடிகிறது. விதை விற்பனையை நம்பினால் இரகம் கண்டவருக்கு மிஞ்சுவது சொற்பமே. ஆனால் தானியமோ களஞ்சியத்தின் எடைமேடையைத் தாண்டாமல் சந்தைக்குப் போக வழியில்லை. சுங்கச்சாவடியை மலைகளுக்கு நடுவே கணவாய் பார்த்து அமைத்த பழங்கால அரசர்களின் யுக்திதான் இதிலும் இருக்கிறது.

குதிரை மசாலின் சங்கதி இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் வடமத்திய மாகாணங்களில் அதை அறுக்கிறவரே உலர்த்தியோ பதனமாக்கியோ தம் மாடுகளுக்குப் போட்டுவிடுகிறார். பெரும்பகுதி எந்தத் தராசிலும் ஏறாமல், பாலாக மாறிய பிறகுதான் பண்ணையை விட்டு வெளியேறுகிறது. ஆனால் அந்த ஈரமான சீதோஷ்ணத்தில் விதை சரிவர முற்றுவதில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஐடஹோ முதலிய மேற்கு மாகாணங்களின் வறண்ட நிலங்களில் விளைந்த விதையைத்தான் அவர் விலைக்கு வாங்க வேண்டும். ஆகவே அந்தப் பயிர் பிறர் கண்ணில் படும் ஒரே இடம் விதைப் பைதான்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மக்காச்சோளத்தின் ஒட்டு விதையை விவசாயி ஆண்டுதோறும் புதிதாக வாங்குகிறார். கம்பெனிக்கு ஆண்டுதோறும் வருமானம் வருகிறது. அந்த வருமானம் மறுபடி ஆராய்ச்சியாகி, அடுத்த ஆண்டு இன்னும் நல்ல விதையாகத் திரும்புகிறது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் வாங்கப்படும் விதைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆராய்ச்சிப் பணம், பயிரின் குணத்தைப் பார்த்து ஓடுவதில்லை. விதை எத்தனை முறை விற்கப்படுகிறது என்பதைப் பார்த்தே ஓடுகிறது. 1950களின் இறுதியில் சுமார் 3 கோடி ஏக்கரில் நின்ற குதிரை மசால் இன்று அமெரிக்காவில் ஏறக்குறைய அதில் பாதியளவுக்குக் குறுகியிருப்பதற்கும், பால் பண்ணைகளில் அதன் இடத்தை மக்காச்சோளப் பதனத் தீவனம் பெரிதும் பிடித்துக்கொண்டதற்கும் காரணங்கள் பல உண்டென்றாலும், அவற்றுள் இது பிரதானமானது என்பதே என் அபிப்பிராயம். இத்தனைக்கும் பயிரின் குணத்தில் குறைவில்லை. குதிரை மசாலின் வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனை அங்கே பாக்டீரியாக்கள் பயிருணவாக மாற்றிக்கொண்டிருப்பதற்கு அந்தச் சிவப்பே அடையாளம். அதன் பயனாக, அடுத்து விதைக்கும் மக்காச்சோளத்துக்கு உரச்செலவு குறைகிறது; ஆழமாக இறங்கும் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, அரிப்பு குறைகிறது. இவையெல்லாம் தேசத்துக்குச் செய்யும் உபகாரங்கள். ஆனால் இவற்றைப் பையில் கட்டி விற்க எந்தக் கம்பெனியாலும் இயலாது. ஆகையால் இவற்றை ஆராய முதலீடு செய்வாரும் இல்லை.

இப்பயிரைச் சீர்திருத்துவது எளிய காரியமும் அன்று. கோதுமையைப்போலத் தன்னில்தானே கருவுறாமல், பிற செடியின் மகரந்தத்தை நாடுவது இது. மேலும் ஒவ்வொரு குரோமோசோமும் இதில் நான்கு நான்காக இருப்பதால், விரும்பிய குணம் ஒன்றைச் சந்ததியில் நிலைநிறுத்துவதற்குப் பல தலைமுறைகள் பொறுமையுடன் காத்திருக்க வேண்டும். ஊதா நிறமான அதன் சிறு பூவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கேசரங்களும் சூலகமும் சேர்ந்த தண்டு, கீழிதழ்களுக்குள் வில்லைப்போல இறுகி அடங்கியிருக்கிறது. வண்டு வந்து அமர்ந்து இதழை அழுத்தியதும் அது விடுபட்டு விசையுடன் மேலே அடிக்கிறது. அந்த அடி தலையில் படுவதைச் சகிக்காத தேனீக்கள், பூவின் பக்கவாட்டில் நாவை நுழைத்துத் தேனை மட்டும் எடுத்துச் செல்லக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. ஆகவே விதை விளைப்பவர்கள், அந்த அடிக்கு அஞ்சாத இலைவெட்டித் தேனீக்களையும், உவர்மண்ணில் வளை தோண்டி வாழும் உவர்நிலத் தேனீக்களையும் நம்பியிருக்கிறார்கள். வாஷிங்டன் மாகாணத்தில் டூஷி என்ற ஊரைச் சுற்றியுள்ள விவசாயிகள், இந்த உவர்நிலத் தேனீக்களுக்கென்றே நிலத்தை ஒதுக்கி, அடியிலிருந்து நீர் ஊறச் செய்து, உப்பிட்டுப் பேணிவருகிறார்கள்; அவை பறக்கும் பருவத்தில் சாலையில் வண்டிகள் மெதுவாகச் செல்லவேண்டுமென்று அறிவிப்புப் பலகையும் நடப்பட்டிருக்கிறது. ஒரு பை விதைக்குப் பின்னால் இவ்வளவு சிரத்தை இருக்கிறது.

தனியார் மூலதனம் இந்தப் பயிரை அறவே புறக்கணித்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய குதிரை மசாலுக்கு 2005இல் அனுமதி கிடைத்தது. 2007இல் நியாயஸ்தலம் அதன் விதைப்பை நிறுத்திவைத்தது. 2011இல் மீண்டும் அனுமதி அளிக்கப்பட்டது. ஆனால் கம்பெனி தேர்ந்தெடுத்த குணம் எது என்பதைப் பார்க்க வேண்டும்: விதையின் விலையிலேயே சேர்த்து வாங்கிவிடத்தக்க குணம் அது. நிலத்தடி நீரை நைட்ரேட் அண்டாமல் காப்பது எப்படி, எந்தப் பயிருக்கு முன்னால் குதிரை மசாலைப் பயிரிட்டால் லாபம் என்பன போன்ற கேள்விகளுக்கு அவ்வாறு விலை குறிக்க முடியாது. அந்தக் கேள்விகளுக்காகத்தான் பைக்கு ஒரு டாலர் வேண்டியிருக்கிறது.

விஞ்ஞான நிலையங்கள் தலையெடுக்காத காலத்தில் இந்த வேலையை யார் செய்தார்கள் என்று கேட்கலாம். 1857இல் ஜெர்மானிய நாட்டின் பாடன் பிரதேசத்திலிருந்து மினசோட்டாவில் குடியேறிய வென்டலின் கிரிம் என்பவர், தம் சொந்த ஊரிலிருந்து சிறிது குதிரை மசால் விதையையும் மூட்டையோடு கொண்டுவந்திருந்தார். கார்வர் வட்டாரத்தின் கொடிய குளிர்காலம் அவர் விதைத்த செடிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டது. எஞ்சிய சிலவற்றில் விதை எடுத்து அவர் மறுபடி விதைத்தார். மறு குளிரில் பிழைத்தவற்றிலிருந்து மறுபடி எடுத்தார். இப்படி ஆண்டாண்டாக, பிறர் ஊக்கமோ சர்க்காரின் உதவியோ இன்றி அவர் விடாது செய்துவந்ததன் விளைவாக, பனியில் மடியாத ஓர் இரகம் உருவாயிற்று. 1890இல் அவர் காலமானார். அதன் பிறகுதான் மினசோட்டா ஆராய்ச்சி நிலையம் அதன் மதிப்பை உணர்ந்தது. பின்னர் அவர் பெயராலேயே வடமாகாணங்களெங்கும் அது பரவிற்று. அந்த விதையினால் வந்த செல்வத்தில் கிரிம் கண்டது சொற்பமே.

இந்த ஒரு டாலர் ஏற்பாட்டில் குறைகள் இருக்கத்தான் செய்கின்றன. சேராத கம்பெனியின் விதையை வாங்குகிறவரும், கொடுத்தவர் பணத்தில் விளைந்த அறிவை அனுபவிக்கிறார். கட்டாயமில்லாத வசூல் கம்பெனிகளின் மனத்தையும் மார்க்கெட்டின் நிலையையும் பொறுத்து ஏறி இறங்கும். ஓர் இரகம் உருவாகப் பத்தாண்டு பிடிக்கும் பயிருக்கு, வருஷத்துக்கு வருஷம் அசையும் நிதி போதிய ஆதாரமாகாது. விதைப்பரப்பு குறையக் குறையப் பைகளும் குறையும். ஆராய்ச்சி மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் நிதி மெலிந்திருக்கும். இவற்றினும் நான் அஞ்சுவது ஒன்றுண்டு: விவசாயிகளே கொடுக்கிறார்களே என்று சொல்லிப் பொதுக் கஜானா தன் கையை மெல்ல இழுத்துக்கொள்ளுமானால், அவர்கள் மனமுவந்து கொடுத்த டாலரே அவர்களுக்குக் கேடாக முடிந்துவிடும். ஆஸ்திரேலிய ஏற்பாடு இந்த விஷயத்தில் உறுதியானது. அங்கே விவசாயிகள் கொடுப்பதற்கு ஈடாக, ஒரு வரம்புக்குள், சர்க்காரும் கொடுக்க வேண்டுமென்று சட்டமே செய்திருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் குதிரை மசால் பயிராகிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பொதுப் பணத்தில் கண்ட கோ 1 முதலிய இரகங்களைக் கறவை மாடு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். விதை விற்பனையிலிருந்து ஒரு பங்கு எடுப்பதற்கு நம் தேசத்திலும் சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் அதன் போக்கு வேறு. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, பதிவு செய்த இரகத்துக்கு உடையவர் தமக்குக் கிடைக்கும் பயனை அனுசரித்து ஆண்டுக் கட்டணம் செலுத்தவேண்டுமென்று விதிக்கலாம். அது தேசிய மரபணு நிதியைச் சேரும். அந்த நிதி, பழைய இரகங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த விவசாயிகளுக்கும் சமூகங்களுக்கும் உரிய பங்கைக் கொடுக்கவும், அவ்வினங்களைப் பேணவும் பயன்பட வேண்டும். விவசாயி தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்துக்கொள்ளவும், பிறருக்குக் கொடுக்கவும், வணிகப் பெயரிட்ட விதையாக அல்லாமல் விற்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. அமெரிக்கத் திட்டம் குடியானவரிடம் வாங்கி விஞ்ஞானிக்குக் கொடுக்கிறது. நம் சட்டமோ இரகம் கண்டவரிடம் வாங்கி, கிரிம்மைப் போன்ற குடியானவருக்குக் கொடுக்க எண்ணுகிறது. இரண்டும் நியாயமே. ஆனால் எந்த ஆராய்ச்சி முதலில் நடக்கவேண்டும் என்பதைச் சொல்லும் இடத்தில் நம் விவசாயிக்கு இன்னும் போதிய ஆசனம் போடப்படவில்லை. தீவனப் பயிரோ, சிறுதானியமோ, ஏதேனும் ஒன்றில் சங்கங்கள் கூடி, விதைப் பையொன்றுக்குச் சில ரூபாய் வீதம் திரட்டி, அதைச் செலவிடும் சபையில் தாங்களே பெரும்பான்மையாக அமர்ந்து, சர்க்காரிடமிருந்து அதற்கு ஈடான தொகையையும் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்கு நான் அறிந்தவரையில் இன்றைய சட்டங்கள் எதுவும் குறுக்கே நிற்கவில்லை.